மரப்புல்வெளியும் மண்ணின் கரிமமும்

காடு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழும் காட்சி யாது? கதிரவன் ஒளி நிலத்தில் படாதவண்ணம் மரங்கள் நெருங்கி வளர்ந்து, கொடிகள் பின்னிப் படர்ந்து, பட்டப்பகலிலும் இருள் சூழ்ந்திருக்கும் இடமே காடு என்று நாம் எண்ணுகின்றோம். உலகில் வேறொரு வகைக் காடும் உண்டு. அங்கு மரங்கள் விலகி விலகி நிற்கும். ஒரு மரத்தின் கிளை மற்றொரு மரத்தின் கிளையைத் தொடுவது அரிது. இடைப்பட்ட நிலத்திலெல்லாம் முழங்கால் அளவுக்குப் புல் வளர்ந்து காற்றில் அசைந்துகொண்டிருக்கும். தொலைவிலிருந்து காண்பவருக்கு அது யாரோ ஒருவர் திட்டமிட்டு அமைத்த பெருந்தோட்டம் போலத் தோன்றும். மரமும் புல்லும் இவ்வாறு கலந்து வாழும் நிலத்தை மரப்புல்வெளி என்று இப்பாடத்தில் குறிப்பிடுவோம்.

ஆஸ்திரேலியக் கண்டத்தின் தென்கிழக்கில், குயின்ஸ்லாந்தின் தென்பகுதி தொடங்கி நியூ சவுத் வேல்ஸ் வழியாக விக்டோரியா வரையில் இத்தகைய மரப்புல்வெளிகள் ஒரு காலத்தில் பரந்து கிடந்தன. அங்கு வளரும் மரங்கள் யூகலிப்டஸ் இனத்தைச் சேர்ந்தவை. ஒயிட் பாக்ஸ், எல்லோ பாக்ஸ், பிளேக்லியின் ரெட் கம் என்பன அவற்றுள் தலையாயவை. யூகலிப்டஸ் நமக்குப் புதிய மரமன்று. 1843-ஆம் ஆண்டில் அது நீலகிரிக்குக் கொண்டுவரப்பெற்றது. தைலமரம் என்று நாம் அழைப்பது அதனையே. நீலகிரியில் இயற்கையான புல்வெளிகளை மூடி நெருக்கமாக நட்டபோது அது அங்குள்ள புல்லுக்குக் கேடு விளைத்தது. தன் தாய்நாட்டிலோ அதே இனத்து மரங்கள் புல்லுக்கு இடம் விட்டு நிற்கின்றன. ஒரு மரம் நல்லதா தீயதா என்று கேட்பதற்கு முன் அது எங்கு, எவ்வாறு நிற்கின்றது என்று கேட்க வேண்டும் போலும்.

மரங்களின் இடையே வளரும் புல்லில் முதன்மையானது கங்காரு புல். கோடையில் செழித்து வளர்ந்து, பல ஆண்டுகள் உயிர்வாழும் கொத்துப்புல் அது. ஆப்பிரிக்காவிலும், நம் நாட்டின் மலைச்சரிவுகளிலும் அதே புல் காணப்படுகின்றது. கொத்துக்கும் கொத்துக்கும் இடையே உள்ள சிறு வெளிகளில் அல்லி இனத்துச் செடிகளும், டெய்சி மலர்களும், நிலத்தில் வளரும் ஆர்க்கிட் செடிகளும் இளவேனிலில் பூத்துக் குலுங்கும். மரப்புல்வெளியின் செல்வம் மரங்களிலன்று, இத்தரைச் செடிகளிலேயே பெரிதும் அடங்கியுள்ளது. ஒரு சிறு துண்டு நிலத்திலேயே பலவகைச் செடிகளை எண்ணிவிடலாம்.

இந்நிலம் மனிதர் கைபடாத நிலமன்று. விராஜுரி, நுனவால் முதலிய பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வாழ்ந்து வந்தனர். அவர்கள் காலம் அறிந்து சிறு சிறு பகுதிகளாகப் புல்லுக்குத் தீயிட்டனர். மஞ்சள் நிறப் பூப் பூக்கும் ஒருவகை டெய்சிச் செடியின் கிழங்கைக் கூரிய கோலால் அகழ்ந்து உண்டனர். விக்டோரியாப் பகுதியில் அக்கிழங்கிற்கு மர்னாங் என்று பெயர். கிழங்கு அகழும்தோறும் மண் கிளறப்பட்டு நெகிழ்ந்தது. அந்நாட்டு விலங்குகளுக்கோ குளம்பு இல்லை. கங்காருவின் பாதம் மென்மையானது. ஆதலின் ஐரோப்பியர் முதன்முதல் வந்து கண்டபோது, அம்மண் காலடியில் அமிழும் அளவுக்குப் பொலபொலப்பாக இருந்தது.

1788-இல் சிட்னியில் ஆங்கிலேயர் குடியேறினர். 1813-இல் பிளாக்ஸ்லாண்டு, லாசன், வென்ட்வொர்த் என்னும் மூவர் நீலமலைத் தொடரைக் கடக்கும் வழியைக் கண்டனர். அதன்பின் மேற்குப் புறத்து மரப்புல்வெளிகளை நோக்கி ஆட்டு மந்தைகள் பெருகிச் சென்றன. நல்ல மண்ணும், திறந்த வெளியும், இயல்பான புல்லும் ஒருங்கே அமைந்த நிலம் வேறெங்குக் கிடைக்கும்? மரங்களின் அடியில் பட்டையை வளையமாக வெட்டிவிட்டு, அவை நின்றபடியே பட்டுப்போகச் செய்தனர். பின்னர்க் கலப்பை வந்தது, கோதுமை வந்தது. இருபதாம் நூற்றாண்டில் சூப்பர் பாஸ்பேட் உரத்தைத் தூவி, மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வந்த குளோவர்ச் செடியை விதைக்கும் முறையும் பரவியது. ஆடுகள் கொழுத்தன; கங்காரு புல் மறைந்தது. மரப்புல்வெளிக்கு அதன் வளமே பகையாக முடிந்தது எனலாம்.

இன்று நல்ல நிலையில் எஞ்சியிருப்பது பழைய பரப்பில் 100-க்கு 5 பங்கிற்கும் குறைவேயாம். 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அரசு, மிகக் கடுமையான அழிவு நிலையில் உள்ள உயிரினக் கூட்டங்களின் பட்டியலில் இம்மரப்புல்வெளியைச் சேர்த்தது. எஞ்சிய துண்டுகள் எங்கே உள்ளன என்று கேட்டால் வியப்பாக இருக்கும். அவற்றுட் சில சிற்றூர்களின் கல்லறைத் தோட்டங்களில் உள்ளன! யங் என்னும் ஊருக்கு அருகில் உள்ள மாண்டீகிள் கல்லறைத் தோட்டம் அவற்றுள் ஒன்று. இறந்தோர் துயிலும் இடம் என்று வேலியிட்டுக் காத்ததனால் அங்கு ஆடும் மாடும் புகவில்லை. கலப்பையும் உரமும் நுழையவில்லை. சுற்றிலும் கோதுமை வயல்கள் விரிந்து கிடக்க, வேலிக்குள் மட்டும் பழைய புல்லும் பழைய மலரும் உயிர்பிழைத்து நிற்கின்றன. சாலை ஓரங்களும், மந்தைகளை நடத்திச் செல்ல ஒதுக்கிய பாதைகளும் இவ்வாறே சில துண்டுகளைக் காத்து வைத்துள்ளன.

இத்துண்டுகளைக் காப்பதற்கு வேலி மட்டும் போதுமா? காக்கப்படும் நிலம் நலமுற்று வருகின்றதா, மெலிந்து வருகின்றதா என்பதை எவ்வாறு அறிவது? மரங்களை எண்ணலாம். ஆனால் வயல் நடுவே நூறாண்டுகளுக்கு மேல் நிற்கும் முதுமரம், தன் அடியில் ஒரு கன்றும் முளைக்காத நிலையிலும் நெடுங்காலம் பசுமையாகவே நிற்கும். மலர்களை எண்ணலாம், ஆனால் மழை பொய்த்த ஆண்டில் அவை தலைகாட்டாமலே இருந்துவிடும். ஆதலின் அறிஞர்கள் மண்ணை நோக்கினர். மண்ணில் அளப்பதற்கு உரிய பொருள்களுள் கரிமம் முதலிடம் பெற்றது.

கரிமம் எவ்வாறு மண்ணுக்குள் சென்றது? இலைகள் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, கதிரொளியின் துணையால் சர்க்கரையாக மாற்றுகின்றன. அச்சர்க்கரையில் ஒரு பகுதி தண்டாகவும் இலையாகவும் ஆகின்றது. ஒரு பகுதி வேருக்கு இறங்குகின்றது. வேர் தன் நுனியால் சிறிது சர்க்கரையை மண்ணிலும் கசிய விடுகின்றது. உதிர்ந்த இலையையும், மடிந்த வேரையும், கசிந்த சாற்றையும் நுண்ணுயிர்கள் உணவாகக் கொள்கின்றன. அவை உண்டதில் பெரும்பங்கு மூச்சாக வெளிப்பட்டு மீண்டும் காற்றில் கலக்கின்றது. எஞ்சியதும், அந்நுண்ணுயிர்களின் சடலங்களும் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு மண்ணில் தங்குகின்றன. கருமை நிறமும், மழைக்குப்பின் எழும் மணமும் உடைய மக்கு மண் உருவாவது இவ்வாறே. உயிர்ப்பொருளிலிருந்து வந்து மண்ணில் தங்கிய இக்கரிமத்தை அங்ககக் கரிமம் என்பர். உலக மண் முழுவதிலும் ஒரு மீட்டர் ஆழம் வரையில் ஏறத்தாழ 1,50,000 கோடி டன் அங்ககக் கரிமம் உள்ளது என்று கணக்கிட்டுள்ளனர். காற்றில் உள்ளதும் தாவரங்களில் உள்ளதும் சேர்ந்தாலும் இவ்வளவு ஆகா.

கரிமம் மிக்க மண்ணில் துகள்கள் கட்டிக்கட்டியாகச் சேர்ந்து, இடையிடையே நுண்ணிய துளைகள் அமையும். மழைநீர் வழிந்தோடாமல் உள்ளே இறங்கும். இறங்கிய நீர் நெடுநாள் தங்கும். நைட்ரஜன் முதலிய சத்துக்களும் அம்மக்கோடு பிணைந்திருந்து சிறுகச் சிறுக வெளிப்படும். கரிமம் குறைந்த மண்ணிலோ மழைத்துளியின் அடியால் மேற்பரப்பு இறுகி, நீர் ஓடையாக ஓடிவிடும். கரிமத்தை மண் நலத்தின் அளவுகோலாகக் கொண்டதற்குக் காரணம் இதுவேயாகும்.

அதனை அளக்கும் முறையையும் காண்போம். 1934-இல் வாக்லி, பிளாக் என்னும் இருவர் வெளியிட்ட முறை இன்றும் நம் நாட்டு மண் ஆய்வுக்கூடங்களில் வழக்கில் உள்ளது. சிறிதளவு மண்ணில் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலையும் அடர் கந்தக அமிலத்தையும் சேர்ப்பர். அமிலம் கலந்தவுடன் கரைசல் கொதிப்பேறும். டைகுரோமேட் மண்ணிலுள்ள கரிமத்தை எரித்துவிடும். எரிக்கும் பணியில் செலவான அளவுக்கு ஆரஞ்சு நிறம் மறைந்து பச்சை நிறம் தோன்றும். எஞ்சிய டைகுரோமேட்டை அளந்தால், செலவானது எவ்வளவு, எரிந்த கரிமம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். நம் நாட்டில் வயல் மண்ணில் 100-க்கு 0.5 பங்கிற்குக் குறைந்தால் தாழ்வு என்றும், 0.75 பங்கிற்கு மேற்பட்டால் உயர்வு என்றும் பொதுவாகக் கொள்வர். இம்முறையில் கரிமம் முழுவதும் எரிவதில்லை. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கே எரியும். ஆதலின் இப்பொழுது பெரிய ஆய்வுக்கூடங்களில் மண்ணைக் கடும் வெப்பத்தில் உலையிலிட்டு எரித்து, வெளிவரும் கரியமில வாயுவைக் கருவியால் அளக்கின்றனர். மண்ணில் சுண்ணாம்பு இருப்பின் அதிலும் கரிமம் உண்டு. அது உயிர்ப்பொருளிலிருந்து வந்ததன்று. அதனை முன்னரே அமிலத்தால் நீக்கிவிட வேண்டும்.

நூற்றுவிகிதம் தெரிந்தால் போதாது. ஒரு நிலத்தில் மொத்தம் எத்தனை டன் கரிமம் உள்ளது என்பதும் தெரிய வேண்டும். கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 30 சென்டிமீட்டர் ஆழம் வரையுள்ள மண்ணின் கன அளவு 3,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை 1.2 டன் என்று கொண்டால், மொத்த மண் 3,600 டன் ஆகும். அதில் 100-க்கு 2 பங்கு கரிமம் இருப்பின் 72 டன். அதே நிலத்தில் மாடுகளை மிகுதியாக விட்டு மேய்த்தால் குளம்புகளின் அழுத்தத்தால் மண் இறுகி, ஒரு கன மீட்டரின் எடை 1.4 டன் ஆகிவிடக்கூடும். இப்பொழுது அதே ஆழத்தில் 4,200 டன் மண் இருக்கும். நூற்றுவிகிதம் மாறாதிருந்தால் கரிமம் 84 டன் என்று கணக்குக் காட்டும். புதிதாக ஓர் இலையும் மக்கவில்லை. மண்தான் மிதிபட்டு நெரிந்தது. எனினும் ஏட்டில் 12 டன் கூடிவிட்டது! இப்பிழையைத் தவிர்க்க அறிஞர்கள் ஆழத்தை ஒப்பிடாமல், சம எடையுள்ள மண்ணை எடுத்து ஒப்பிடுகின்றனர்.

மரப்புல்வெளியில் இவ்வளவையின் இடர் இன்னும் மிகுதி. முதுமரத்தின் அடியில் இலையும் பட்டையும் உதிர்ந்து மக்குவதால் அங்கு கரிமம் கூடுதலாக இருக்கும். பத்து அடி தள்ளித் திறந்த புல்வெளியில் அது குறைவாக இருக்கும். இரண்டும் ஒரே காடு, இரண்டும் நலமுள்ளவையே. ஒருவர் மரத்தடியில் மட்டும் மண் எடுத்தால் ஒரு விடை கிடைக்கும். வெளியில் எடுத்தால் வேறொரு விடை கிடைக்கும். களிமண் கரிமத்தைப் பற்றி வைத்துக்கொள்ளும், மணல் பற்றாது. மழை மிக்க மலைச்சரிவும், மழை குன்றிய சமவெளியும் ஒத்த அளவைக் காட்டா. ஆதலின் எல்லா மரப்புல்வெளிக்கும் பொதுவாக இன்ன எண்தான் நலம் என்று வரையறுத்தல் இயலாது. ஒத்த மண்ணும் ஒத்த மழையும் உடைய, கெடாத ஒரு நிலத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அத்தகைய கெடாத நிலத்திற்குக் கல்லறைத் தோட்டத்தையன்றி வேறு எதனை நாடுவது?

கரிமம் எல்லாம் ஒரே தன்மையதும் அன்று. அரைகுறையாக மக்கிய வேர்த்துண்டும் இலைத்துணுக்கும் சில ஆண்டுகளில் கரைந்துபோகும். இது நாள்தோறும் எடுத்துச் சமைக்கும் அரிசிப்பானையைப் போன்றது. களிமண்ணோடு ஒட்டிய மக்கு பல பத்தாண்டுகள், சில வேளை நூற்றாண்டுகள் நிற்கும். இது குதிரில் உள்ள நெல்லைப் போன்றது. பழந்தீயில் வெந்த கரித்துண்டுகளோ எவ்வுயிரும் எளிதில் உண்ணமுடியாதபடி மண்ணில் கிடக்கும். தீ பலகாலும் பரவிய ஆஸ்திரேலிய மண்ணில் இக்கரித்துண்டுகள் மிகுதி. நிலம் கெடத் தொடங்கும்போது முதலில் குறைவது அரிசிப்பானையே. குதிரும் கரியும் குறையாதிருப்பதால் மொத்தக் கணக்கு நெடுநாள் மாறாமலே இருக்கும். மொத்தத்தை மட்டும் நோக்குபவர் கேட்டைக் காலம் கடந்தே அறிவார்.

எல்லாவற்றிலும் பெரிய இடர் வேறொன்று உண்டு. சூப்பர் பாஸ்பேட்டும் குளோவரும் இட்ட மேய்ச்சல் நிலத்தில் செடிகள் கொழுத்து வளர்வதால், அங்குள்ள மண்ணில் கரிமம் குறைவதில்லை. சில இடங்களில் பழைய மரப்புல்வெளியைவிடக் கூடுதலாகவும் இருக்கின்றது. கங்காரு புல்லும் அல்லியும் டெய்சியும் அடியோடு அழிந்த நிலம் அது. உழவர் நோக்கில் அதனை நலமுள்ள மண் என்பதில் தவறில்லை. மரப்புல்வெளியின் நோக்கிலோ அது நோயுற்ற மண். ஆஸ்திரேலியாவின் பழமையான மண்ணில் இயல்பாகவே பாஸ்பரஸ் மிகக் குறைவு. அந்நாட்டுச் செடிகள் அவ்வறுமைக்குப் பழகியவை. செழுமையைப் பொழிந்தால் அவற்றினும் விரைந்து வளரும் அயல்நாட்டுக் களைகள் அவற்றை மூடி மறைத்துவிடும். குறைவே நலமாக அமைந்த இடமும் உலகில் உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை அன்றோ?

இதனை நன்கு விளக்கும் ஆய்வு ஒன்று 2005-இல் வெளிவந்தது. சூசன் புரோபர், கெவின் தீலே, இயன் லண்ட் முதலியோர் அதனைச் செய்தனர். கெட்டுப்போன மரப்புல்வெளிகளின் மண்ணில் நைட்ரேட்டுச் சத்து மிகுந்திருப்பதையும், கங்காரு புல் செழித்த மண்ணில் அது மிகக் குறைந்திருப்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். காரணம் எளிது. காட்டு ஓட்ஸ், புரோம் முதலிய அயல்நாட்டுப் புற்கள் ஓராண்டே வாழ்பவை. குளிர்காலத்தில் வளர்ந்து கோடை தொடங்கும்போது மடிந்துவிடும். மடிந்தவை மக்கும்போது வெளிப்படும் நைட்ரேட்டை உறிஞ்ச அப்பொழுது உயிருள்ள வேர் எதுவும் அங்கு இல்லை. அது மண்ணில் திரண்டு நின்று, அடுத்த மழைக்கு முளைக்கும் களைவிதைக்கே விருந்தாகின்றது. களை களையையே வளர்க்கும் இச்சுழலை எவ்வாறு அறுப்பது?

அவர்கள் கையாண்ட பொருள் நம் வீட்டில் உள்ள வெள்ளைச் சர்க்கரை! நிலத்தில் சர்க்கரையைத் தூவினர். சர்க்கரை என்பது எளிதில் கரையும் கரிமம். நுண்ணுயிர்கள் அதனை உண்டு விரைந்து பெருகின. பெருகும் உடலுக்கு நைட்ரஜன் வேண்டுமாதலின், மண்ணிலிருந்த நைட்ரேட்டை அவை வாரிக்கொண்டன. களைகள் பட்டினியால் நலிந்தன. அவ்வேளையில் கங்காரு புல்லின் விதையை ஊன்றினர். புல் வேரூன்றிய பின்னர்ச் சர்க்கரைக்குத் தேவை இல்லாமற் போயிற்று. பல ஆண்டு வாழும் அப்புல் தானே நைட்ரேட்டை உறிஞ்சி, மண்ணைப் பழைய அளவான நிலையில் வைத்துக்கொண்டது. நாடு முழுவதும் சர்க்கரை தூவுதல் நடவாத செயல். ஆயினும் புல்லும் மண்ணும் ஒன்றையொன்று காக்கும் வகையை அச்சோதனை தெளிவாகக் காட்டிவிட்டது. கரிமத்தின் அளவை மட்டும் எழுதி வைத்திருந்தால் இச்செய்தி நமக்குக் கிடைத்திராது. கரிமத்தோடு நைட்ரேட், பாஸ்பரஸ், மண்ணின் இறுக்கம், தரைச்செடிகளின் வகை ஆகியவற்றையும் சேர்த்து நோக்கியதனாலேயே அவர்கள் விடை கண்டனர்.

தலைநகரான கான்பெராவின் வடபுறத்தில் மல்லிகன்ஸ் பிளாட் என்னும் காப்புநிலம் உள்ளது. அங்கும் மரப்புல்வெளியை மீட்கும் பணி நடைபெற்று வருகின்றது. முன்பு விறகுக்காகவும் துப்புரவுக்காகவும் விழுந்த மரங்களையெல்லாம் அள்ளிச் சென்றுவிட்டனர். ஆய்வாளர்கள் சுமார் 2,000 டன் மரக்கட்டைகளைக் கொண்டுவந்து தரையில் ஆங்காங்கே கிடத்தினர். கட்டையை ஒட்டிய மண்ணில் ஈரம் தங்குகின்றது; அடித்துவரும் சருகு அதில் தடுக்கி நிற்கின்றது; கரிமம் கூடுகின்றது. 2009-இல் நரியும் பூனையும் புகாதபடி காப்புநிலத்தைச் சுற்றி வேலி அமைத்தனர். 2012-இல் பெட்டாங் என்னும் சிறுவிலங்கைத் தாஸ்மேனியாத் தீவிலிருந்து கொண்டுவந்து உள்ளே விட்டனர். கங்காருவின் உறவினமாகிய இவ்விலங்கு முயலை ஒத்த உருவினது. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னரே இது அற்றுப்போயிற்று. நிலத்தடியில் விளையும் காளான்களைத் தேடி இரவெல்லாம் மண்ணைத் தோண்டுவது இதன் தொழில். தோண்டிய குழிதோறும் சருகு வீழ்கின்றது, மழைநீர் நிற்கின்றது, விதை தங்குகின்றது. ஒரு காலத்தில் பழங்குடிப் பெண்டிர் கிழங்கு அகழும் கோலால் செய்த வேலையை இன்று இச்சிற்றுயிர் செய்கின்றது.

இவற்றின் பயன் மண்ணின் கரிமத்தில் எப்பொழுது தெரியும்? விரைவில் தெரியாது. ஒரு ஹெக்டேரில் 70 அல்லது 80 டன் கரிமம் இருக்க, ஆண்டுக்குக் கால் டன் கூடினாலும் அதனை அளவையின் பிழையிலிருந்து பிரித்து அறிதல் அரிது. பத்து ஆண்டுகளேனும் பொறுக்க வேண்டும். இதில் பொருட் செய்தியும் கலந்துள்ளது. 2011-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா இயற்றிய சட்டத்தின்படி, மண்ணில் கரிமத்தைக் கூட்டிக் காட்டும் நில உரிமையாளர் அதற்கு ஈடான வரவுப் பத்திரம் பெற்று விற்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கரிமத்திற்கு மட்டும் விலை வைத்து அல்லிக்கும் டெய்சிக்கும் விலை வைக்காவிடில், எஞ்சிய மரப்புல்வெளித் துண்டிலும் உரம் தூவிக் கரிமத்தைப் பெருக்கலாமே என்று ஒருவருக்குத் தோன்றாதா? மரப்புல்வெளியை அறிந்தோர் அஞ்சுவது இதற்கே. கரிமம் குறைந்துகொண்டே போனால் நிலம் கெடுகின்றது என்று ஐயமின்றிக் கூறலாம். கூடிக்கொண்டே போனால் நிலம் நலம் பெறுகின்றது என்று அவ்வாறு கூறுவதற்கில்லை. ஏன் கூடியது என்று கேட்ட பின்னரே கூற வேண்டும். அளவுகோல் ஒன்றுதான், அது ஒரு பக்கம் திடமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் பேசுகின்றது.

ஆதலால் ஆய்வாளர்கள் மண் எடுக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறித்து வைக்கின்றனர். மரத்தடியில் இத்தனை, வெளியில் இத்தனை என்று பிரித்து, எஃகுக் குழாயைச் செலுத்தி, ஆழம் ஆழமாக மண்ணை எடுக்கின்றனர். எடுத்த மண்ணில் ஒரு பகுதியை ஆய்வுக்கு அனுப்பி, ஒரு பகுதியை உலர்த்திப் புட்டியில் அடைத்துப் பெயரெழுதிச் சேமித்து வைக்கின்றனர். பல ஆண்டுகள் கழித்து வேறொருவர் அதே இடத்திற்கு வருவார். அருகில் பூத்திருக்கும் செடிகளை முதலில் எண்ணி எழுதுவார். பின்னர்க் குழாயைச் செலுத்தி எடுத்த மண்ணைப் பழைய புட்டியின் மண்ணோடு ஒருசேர வைத்து, ஒரே உலையில் எரித்து அளப்பார்.